பொருள்நோக்கு மென்பொருள் பொறியியல்: மாணவர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகள்

பொறியியல் கல்லூரி ஒன்றில் மென்பொருள் ஆய்வகத்தைக் கவனித்துவருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே, முந்தைய ஆண்டு மாணவர்கள் கேட்ட அதே ஐயங்களுடன் புதிய மாணவர்கள் என் மேசைக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எளிமையானவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன். ‘வகுப்பு’ என்று எழுதினால் வகுப்பறை நினைவுக்கு வந்துவிடுவதால், கிளாஸ், ஆப்ஜெக்ட், மெத்தட் ஆகிய சொற்களை நீங்கள் பேசும்போது வழங்குவது போலவே விட்டுவிட்டேன். கிளாஸ் என்பது ஒரு வகைப் பொருளுக்கான வார்ப்பு, ஆப்ஜெக்ட் அந்த வார்ப்பில் உருவான ஒரு பொருள், மெத்தட் அது செய்யும் வேலை. எல்லா விடைகளுக்கும் விடுதி மெஸ் கணக்கு என்ற ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

மூணாவது செமஸ்டர்லயே ஜாவாவில் ஓஓபி முடிச்சாச்சு. ஆறாவதில் மறுபடியும் எதுக்கு?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் மாணவர்களுக்குப் பொருள்நோக்கு நிரலாக்கம் (ஓஓபி) மூன்றாம் பருவத்திலும் பொருள்நோக்கு மென்பொருள் பொறியியல் ஆறாம் பருவத்திலும் வருவதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் எழுவது இயல்பு. முதல் பாடம் ஒரு கிளாஸை எப்படி எழுதுவது என்று கற்பிக்கிறது. இரண்டாவது பாடம், எந்தெந்தக் கிளாஸ்கள் இருக்க வேண்டும், எந்த வேலை யாருடைய பொறுப்பு, நாளை விதி மாறினால் எத்தனை இடங்களில் கைவைக்க நேரும் என்று கேட்கிறது.

எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். நம் விடுதியில் டிவைடிங் முறை (மாதச் செலவை மெஸ் நாட்களின்படி எல்லாரும் பங்கிட்டுக்கொள்வது) நடைமுறையில் இருப்பதாகக் கொள்வோம். மாதச் செலவு 4,80,000 ரூபாய், எல்லா மாணவர்களின் மெஸ் நாட்களையும் கூட்டினால் 4,000 என்றால், ஒரு நாளுக்கு 120 ரூபாய். 25 நாட்கள் கணக்கில் உள்ளவருக்கு 3,000 ரூபாய். தொடர்ந்து 3 நாட்களோ அதற்கு மேலோ ஊருக்குப் போனவருக்கு மட்டும் அந்த நாட்கள் கழிக்கப்படும். இதை மூன்றாம் பருவ மாணவர் ஒரே மாலையில் எழுதிவிடுவார். ஆனால் வார்டன் அடுத்த ஆண்டு ‘3 நாள்’ என்பதை ‘5 நாள்’ என்று மாற்றும்போது, அந்த 3 என்ற எண் பில் கணக்கிலும், விடுப்புப் படிவத்திலும், மாதாந்தர அறிக்கையிலும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தால், மூன்றில் ஒன்றை மாற்ற யாரோ மறப்பார். அந்த மறதிக்கு இடமில்லாதபடி அமைப்பதைக் கற்பதற்காகவே இந்தப் பாடம்.

இதை ஏன் ‘இன்ஜினியரிங்’ என்கிறார்கள்? புரோகிராம் எழுதுவதுதானே?

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஏறக்குறைய 50 வல்லுநர்கள் கூடினார்கள். பெரிய மென்பொருள்கள் காலந்தாழ்ந்தும், செலவு மீறியும், பிழைகளோடும் வந்துகொண்டிருந்த காலம் அது. ‘மென்பொருள் நெருக்கடி’ என்ற சொல் அந்த விவாதங்களோடுதான் பரவியது. பாலமோ கட்டடமோ கட்டுபவர்களிடம் இருக்கும் ஒழுங்கு மென்பொருளிலும் வர வேண்டும் என்ற வேட்கையோடு ‘மென்பொருள் பொறியியல்’ என்ற பெயரைத் தெரிந்தே மாநாட்டுக்கு வைத்தார்கள்.

ஏறத்தாழ அதே வேளையில், நார்வேயின் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் சிமுலா 67 மொழியை உருவாக்கினார்கள். உலகில் நடப்பவற்றைக் கணினியில் போலச்செய்து பார்ப்பது சிமுலா பிறந்ததன் நோக்கம். கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸ் இன்னொன்றின் பண்புகளையும் மெத்தட்களையும் பெறுவது) ஆகிய கருத்துகள் அங்கிருந்து வந்தவை. ஆப்ஜெக்ட் என்பது முதலில் உலகத்தைப் பற்றிப் பேசும் ஒரு வழியாகப் பிறந்தது என்பதை நினைவில் வைத்தால், இந்தப் பாடம் ஏன் கோடுக்கு (நிரல் வரிகளுக்கு) முன்பே மாணவர், விடுப்பு, பில் என்று பேசத் தொடங்குகிறது என்பது விளங்கும்.

ஜாவாவில்தான் செய்யணுமா? பைத்தான் போதாதா?

போதும். கிளாஸ் வரைபடமும் பொறுப்புப் பகிர்வும் மொழியைச் சார்ந்தவை அல்ல. ஜாவாவில் இன்டர்ஃபேஸும் (ஒரு கிளாஸ் தர வேண்டிய மெத்தட்களின் பட்டியல்) பிரைவேட் (வெளியிலிருந்து தொட முடியாதது) என்ற சொல்லும் வெளிப்படையாக இருப்பதால் வடிவமைப்பு முடிவுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. தொடக்கத்தில் அது உதவும், அவ்வளவே.

கேள்வியில் ஒரு பத்தி கொடுத்து ‘ஐடென்டிஃபை தி கிளாசஸ்’ என்கிறார்கள். பெயர்ச்சொல்லை எல்லாம் அடிக்கோடு போட்டால் போதுமா?

தொடங்குவதற்குப் போதும், அங்கேயே நின்றுவிடக் கூடாது. மெஸ் கணக்கைப் பற்றிய ஒரு பத்தியில் மாணவர், வார்டன், விடுப்பு, நாள், பில், ரூபாய், கணினி, பதிவேடு எனப் பல பெயர்ச்சொற்கள் வரும். இவற்றில் ‘ரூபாய்’ பில்லின் ஒரு பண்பு. ‘கணினி’ நாம் கட்டும் அமைப்பேதான். அதைக் கிளாஸாக வரைந்தால் எல்லா வேலைகளும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். ‘பதிவேடு’ தாளில் இருந்த பழைய வடிவம். அதில் எழுதப்படும் செய்திதான் நமக்கு வேண்டும். மறுபுறம், பத்தியில் வினைச்சொல்லாக மட்டும் ஒளிந்திருக்கும் பொருள்களும் உண்டு. ‘மாணவர் ஊருக்குப் போகிறார்’ என்ற வாக்கியத்தில் விடுப்பு என்ற பெயரே இல்லை. ஆனால் கணக்கு முழுவதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஆகவே பட்டியலிட்ட பிறகு ஒவ்வொரு பெயரிடமும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதற்கு என்ன தெரியும்? இது யாருக்காக என்ன செய்யும்? கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் இருவரும் 1989இல் இதற்காகவே சிஆர்சி (கிளாஸ், பொறுப்பு, கூட்டாளி) அட்டை என்ற எளிய முறையை எழுதிவைத்தார்கள். ஒரு சிறு அட்டையின் மேல் கிளாஸின் பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்புகள், வலப்பக்கம் அது உதவி கேட்கும் மற்றக் கிளாஸ்கள். நான்கு பேர் ஆளுக்கு ஓர் அட்டையை வைத்துக்கொண்டு ‘நான் பில், எனக்குக் கழிவு நாட்கள் வேண்டும், யாரிடம் கேட்பது?’ என்று பேசிப் பார்த்தால், வரைபடம் வரைவதற்கு முன்பே பாதிப் பிழைகள் வெளிவந்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் முதல் இரண்டு வாரங்கள் கணினியை இயக்காமல் இதைத்தான் செய்கிறோம்.

இதில் நான் மிகவும் விரும்பும் சோதனை ஒன்று உண்டு. ஒரு மாணவர் ஜூன் 29, 30, ஜூலை 1 ஆகிய மூன்று நாட்கள் தொடர்ந்து ஊரில் இருக்கிறார். தகுதியைத் தீர்மானிக்கும் பொறுப்பை மாத பில்லிடம் கொடுத்திருந்தால், ஜூன் பில் இரண்டு நாட்களையும் ஜூலை பில் ஒரு நாளையும் மட்டும் பார்த்து, இரண்டுமே கழிவு இல்லை என்று சொல்லிவிடும். விடுப்பு முழுவதையும் அறிந்தது விடுப்புதான். எனவே ‘தகுதி உண்டா’ என்பதும், ‘இந்த மாதத்துக்கு எத்தனை நாட்கள்’ என்பதும் விடுப்பின் பொறுப்புகள்; பில் அதனிடம் கேட்டுப் பெற வேண்டும். தகவல் எங்கே இருக்கிறதோ அங்கேயே முடிவும் இருக்கட்டும் என்ற விதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

யூஸ் கேஸ் படத்தில் எல்லாமே போட்டிருந்தேன். ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்ன தப்பு?

பெரும்பாலும் அந்த ‘எல்லாமே’தான் தவறு. யூஸ் கேஸ் என்பது வெளியில் இருக்கும் ஒருவர் இந்த அமைப்பால் அடையும் ஒரு பயன். ‘விடுப்புக்கு விண்ணப்பித்தல்’ ஒரு பயன். ‘பில்லைப் பார்த்தல்’ ஒரு பயன். ‘பொத்தானை அழுத்துதல்’, ‘தரவுத்தளத்தில் சேமித்தல்’ ஆகியவை படிகள். அதேபோல் நம் தரவுத்தளத்தை ஆக்டராக (வெளியிலிருந்து அமைப்போடு தொடர்புகொள்பவராக) வரையக் கூடாது, ஏனெனில் அது அமைப்பின் எல்லைக்கு உள்ளே இருக்கிறது. கல்லூரியின் கட்டண வசூல் அமைப்பு வேறொருவர் நடத்துவது என்பதால் அது ஆக்டராகலாம்.

இன்க்ளூட், எக்ஸ்டெண்ட் அம்புகளின் திசையில் குழப்பம் ஏற்படுகிறது. எது எதைக் குறிப்பிட்டுப் பேசுகிறதோ அதிலிருந்து அம்பு புறப்படும் என்று கொள்ளுங்கள். ‘பில் வெளியிடுதல்’ எப்போதும் ‘கழிவு நாள் கணக்கிடுதல்’ என்பதை அழைக்கும் என்றால், அம்பு பில்லிலிருந்து கணக்குக்குப் போகும், இது இன்க்ளூட். ‘அபராதம் சேர்த்தல்’ சில வேளைகளில் மட்டும் ‘பில் செலுத்துதல்’ என்பதோடு ஒட்டிக்கொள்ளும் என்றால், அம்பு அபராதத்திலிருந்து செலுத்துதலுக்குப் போகும், இது எக்ஸ்டெண்ட்.

யுஎம்எல்லில் 14 டயகிராமும் படிக்கணுமா?

பெயர்களைத் தெரிந்துவைத்தால் போதும். யுஎம்எல் என்பது மென்பொருள் வடிவமைப்பைப் படங்களாக வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறை. கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, இவார் ஜேக்கப்சன் ஆகியோர் தனித்தனியே வைத்திருந்த குறியீட்டு முறைகளை ஒன்றாக்கியதிலிருந்து யுஎம்எல் வளர்ந்தது. 1997இல் ஓஎம்ஜி என்ற தர நிர்ணய அமைப்பு அதைத் தரமாக ஏற்றது. இன்றைய பதிப்பில் அமைப்பைக் காட்டுபவை 7, நடத்தையைக் காட்டுபவை 7. யூஸ் கேஸ், கிளாஸ், சீக்வென்ஸ் (ஆப்ஜெக்ட்கள் அனுப்பும் செய்திகளின் வரிசை), ஸ்டேட் (ஓர் ஆப்ஜெக்டின் நிலை மாற்றங்கள்) ஆகிய நான்கையும் பிழையின்றி வரையத் தெரிந்தவருக்கு மற்றவற்றைத் தேவைப்படும்போது ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ள முடியும்.

ஆனால் அந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சீக்வென்ஸ் வரைபடத்தில் ஓர் ஆப்ஜெக்டை நோக்கிப் போகும் ஒவ்வொரு செய்தியும், அதன் கிளாஸில் ஒரு மெத்தடாக இருந்தாக வேண்டும். வைவாவில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்; இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அக்ரிகேஷன், கம்போசிஷன், அசோசியேஷன்: எத்தனை தடவை படித்தாலும் குழம்புகிறதே?

மூன்றும் கிளாஸ்களுக்கு இடையே வரையும் உறவுகள். நிரப்பிய வைரக் குறி கொண்ட கம்போசிஷனுக்குத் தெளிவான பொருள் உண்டு: ஒரு பகுதி ஒரு நேரத்தில் ஒரே முழுமைக்கு மட்டுமே உரியது, முழுமை அழிக்கப்பட்டால் அதுவும் அழியும். பில்லும் அதன் வரிகளும் அப்படிப்பட்டவை. அறையும் மாணவரும் அப்படி இல்லை. அறையை இடித்தாலும் மாணவர் இருப்பார். வெற்று வைரக் குறி கொண்ட அக்ரிகேஷனின் துல்லியமான பொருளை யுஎம்எல் தரமே வரைபவரின் துறைக்கு விட்டுவிட்டது. ஆகவே உங்கள் குழப்பத்துக்கு நீங்கள் காரணம் அல்ல. தேர்வில் வரையறை கேட்டால் எழுதுங்கள். உங்கள் திட்டத்தில் ஐயம் வந்தால் அசோசியேஷனுக்கான சாதாரணக் கோடு வரைந்து, ‘1’, ‘0..*’ (பூஜ்யமோ அதற்கு மேல் எத்தனையோ) போன்ற எண்ணிக்கைகளைச் சரியாக எழுதுங்கள். அந்த எண்ணிக்கைகள்தான் நிரல் எழுதும்போது கைகொடுக்கும்.

எல்லாத்தையும் பிரைவேட்டாக்கி கெட்டர், செட்டர் போட்டுட்டேன். என்காப்சுலேஷன் வந்துடுச்சா?

வரவில்லை. கெட்டர் ஒரு மதிப்பைப் படித்துத் தரும் மெத்தட், செட்டர் அதை மாற்றும் மெத்தட். பில் கிளாஸில் தொகையைப் பிரைவேட்டாக வைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் தொகையை மாற்றும் செட்டரையும் வைத்தால், கதவைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிட்டது போலாகும். தொகை எப்படி வந்தது என்ற கணக்கு வெளியே பல இடங்களில் எழுதப்படும். முதல் விடையில் சொன்ன ‘3 நாள்’ சிக்கல் அப்படித்தான் பிறக்கிறது.

டேவிட் பார்னஸ் 1972இல் ஒரு சிறிய நிரலை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் விதம், வேலை நடக்கும் வரிசைப்படி துண்டுகளாக்குவது: உள்ளிடு, மாற்று, வரிசைப்படுத்து, அச்சிடு. இரண்டாவது விதம், மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு துண்டுக்குள் ஒளித்துவைப்பது. இரண்டும் இயங்கின, தரவைச் சேமிக்கும் வடிவம் மாறியபோது முதல் விதத்தில் பல துண்டுகளைத் திருத்த வேண்டியிருந்தது, இரண்டாவதில் ஒன்றே போதுமாக இருந்தது. என்காப்சுலேஷனின் உயிர் இங்கே இருக்கிறது. எதை மறைக்கிறோம் என்று கேட்டால், ‘மாறக்கூடிய முடிவை’ என்று விடை வர வேண்டும். கப்ளிங் (கிளாஸ்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது) குறைவாகவும் கோஹிஷன் (ஒரு கிளாஸுக்குள் இருப்பவை ஒரே வேலையைச் சார்ந்திருப்பது) மிகுதியாகவும் இருக்க வேண்டும் என்று நீங்கள் மனப்பாடம் செய்வதும் இதன் விளைவுகளையே சொல்கிறது.

இன்ஹெரிட்டன்ஸ் இல்லாமல் வரைந்தால் மார்க் குறையும் என்கிறார்கள். எங்கேயாவது ஒன்றைப் போட்டுவிடலாமா?

வேண்டாம். இதில் நான் சற்று விரிவாகப் பேசுகிறேன், ஏனெனில் அதிகமான திட்டங்கள் பழுதாவது இங்கேதான். தினமும் வீட்டிலிருந்து வரும் மாணவர்கள் சிலர் மதிய உணவு மட்டும் மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘விடுதி மாணவர்’ என்ற கிளாஸில் பெயரும் பில்லும் ஏற்கெனவே இருப்பதால், ‘டே ஸ்காலர்’ என்பதை அதன் சப்கிளாஸாக (சேய்க் கிளாஸாக) வரையத் தோன்றும். இப்போது அறை எண்ணைத் தரும் மெத்தட் டே ஸ்காலரிடம் என்ன சொல்லும்? வெற்று மதிப்பைத் தந்தாலோ பிழையை எறிந்தாலோ, அறைவாரியாகப் பட்டியல் அச்சிடும் பழைய நிரல், அதில் ஒரு வரியையும் யாரும் மாற்றாமலேயே உடைந்துவிடும்.

பார்பரா லிஸ்கோவ் 1987இல் ஓர் உரையில் முன்வைத்து, 1994இல் ஜெனட் விங்குடன் சேர்ந்து துல்லியப்படுத்திய கொள்கை இதைத்தான் சொல்கிறது: தாய்க் கிளாஸின் ஆப்ஜெக்ட் எதிர்பார்க்கப்படும் இடத்தில் சேய்க் கிளாஸின் ஆப்ஜெக்டை வைத்தாலும், அதைப் பயன்படுத்தும் நிரல் நம்பியிருந்த எதுவும் பொய்க்கக் கூடாது. ‘டே ஸ்காலர் ஒரு மாணவர்தானே’ என்று தமிழ் வாக்கியம் சரியாக ஒலிப்பது போதாது. நடத்தையும் ஒத்துப்போக வேண்டும். இங்கே ‘மெஸ் கணக்கு உடையவர்’ என்ற இன்டர்ஃபேஸை வைத்து, இருவரும் அதை நிறைவேற்றுமாறு செய்வது நல்லது.

இன்னொரு சிக்கலும் இதில் இருக்கிறது. பருவத்தின் நடுவில் ஒரு விடுதி மாணவர் வீட்டிலிருந்து வரத் தொடங்கினால் என்ன செய்வது? ஜாவாவில் உருவாகிவிட்ட ஆப்ஜெக்ட் தன் கிளாஸை மாற்றிக்கொள்ள முடியாது. பழையதை அழித்துப் புதியதை உருவாக்கினால் அவருடைய பழைய பில்கள் யாருடையவை? மாறக்கூடிய நிலையை இன்ஹெரிட்டன்ஸால் காட்டாமல், மாணவரிடம் ‘தற்போதைய தங்கும் நிலை’ என்ற தனி ஆப்ஜெக்டை வைத்து அதை மாற்றுவதே முறை. இந்தக் காரணத்தை எழுதி இன்ஹெரிட்டன்ஸ் இல்லாத வரைபடத்தைக் கொடுத்தவருக்கு நான் ஒருபோதும் மதிப்பெண் குறைத்ததில்லை.

டிசைன் பேட்டர்ன் 23ஐயும் மனப்பாடம் செய்யணுமா?

1994இல் எரிக் காமா உள்ளிட்ட நால்வர் தொகுத்த அந்த 23இல், உருவாக்கத்துக்கு 5, கட்டமைப்புக்கு 7, நடத்தைக்கு 11. ஒவ்வொன்றும் ஏற்கெனவே பலர் தனித்தனியே கண்டடைந்திருந்த தீர்வுக்கு இடப்பட்ட பெயர். எனவே தீர்வைவிடச் சிக்கலை முதலில் நினைவில் வையுங்கள். டிவைடிங் முறையை விட்டு நிலையான மாதக் கட்டணத்துக்கு விடுதி மாறக்கூடும் என்றால், கணக்கிடும் வழியை மட்டும் தனியே பிரித்து மாற்றத்தக்கதாக வைக்க வேண்டும். அதன் பெயர் ஸ்ட்ராட்டஜி. பில் வெளியானதும் மாணவருக்குக் குறுஞ்செய்தியும் அலுவலகத்துக்குப் பட்டியலும் போக வேண்டும், ஆனால் இவற்றைப் பற்றிப் பில்லுக்குத் தெரியக் கூடாது என்றால், அது அப்சர்வர். சிங்கிள்டன் எழுத எளிது என்பதால் எல்லாரும் அதையே வைக்கிறார்கள். எங்கிருந்தும் தொடக்கூடிய ஒரே ஆப்ஜெக்ட் உண்மையில் பொது மாறியின் மறுவடிவம் என்பதால், தேவை தெளிவாக இருந்தால் மட்டும் வையுங்கள்.

‘வாட்டர்ஃபால் தவறு, அஜைல் சரி’ என்று தேர்வில் எழுதலாமா?

அப்படி ஒற்றை வரியில் எழுத வேண்டாம். வாட்டர்ஃபால் ஒரு படியை முடித்த பிறகே அடுத்ததற்குப் போகும் முறை, அஜைல் சிறு சிறு பகுதிகளாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் முறை. வாட்டர்ஃபாலுக்கு மூலமாகக் காட்டப்படும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970 கட்டுரையில் அந்தப் பெயரே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் படிகளை வரைந்த அவர், இதை இப்படியே நடைமுறைப்படுத்துவது ஆபத்தானது என்றும், சோதனை கடைசியில் வருவதால் பிழை தெரியும்போது வடிவமைப்புக்கே திரும்ப நேரும் என்றும் எழுதி, திரும்பிச் செல்லும் வழிகளைச் சேர்க்கச் சொன்னார். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அது ஆவணங்களை விலக்கச் சொல்லவில்லை, இயங்கும் மென்பொருளுக்கு அவற்றைவிட அதிக மதிப்புத் தந்தது. தேவைகள் எவ்வளவு நிலையானவை, பிழையின் விலை என்ன என்ற இரண்டையும் வைத்து ஒப்பிட்டு எழுதினால் விடை நிறைவாக இருக்கும்.

ஏற்கெனவே நல்லா ஓடிய கிளாஸை எடுத்துப் போட்டால் அதை மறுபடி டெஸ்ட் பண்ணணுமா?

கட்டாயம் செய்ய வேண்டும். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகப் பறந்து, ஏறத்தாழ 40 விநாடிகளில் சிதறியது. அதன் திசையறியும் கருவியின் மென்பொருள் ஏரியன் 4இலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே அது ஒழுங்காக இயங்கியது. ஏரியன் 5இன் கிடைவேகம் அதிகம் என்பதால், 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது 32,767 என்ற எல்லையை மீறியது. மாற்றாக இருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள் இருந்ததால் அதுவும் அதே காரணத்தால் நின்றுபோனது. அந்தக் கணக்கு, புறப்பட்ட பிறகு ஏரியன் 5க்குத் தேவையே இல்லாத ஒன்று.

ஒரு கிளாஸ் எந்த நிபந்தனைகளை நம்பி எழுதப்பட்டதோ, அந்த நிபந்தனைகள் புதிய இடத்திலும் நிலவுகின்றனவா என்று பார்ப்பதே மறுபயன்பாட்டின் முதல் வேலை. நம் விடுப்புக் கிளாஸுக்கு 2, 3, 4 நாட்கள், மாதம் தாண்டிய விடுப்பு, பிப்ரவரி 29ஐ உள்ளடக்கிய விடுப்பு, தொடக்கத் தேதிக்கு முந்திய முடிவுத் தேதி ஆகியவற்றுக்கான யூனிட் டெஸ்ட்களை (ஒரு கிளாஸைத் தனியே சோதிக்கும் சிறு நிரல்களை) அந்தக் கிளாஸோடு சேர்த்தே வைத்திருந்தால், அதை எடுத்துச் செல்பவர் எதை நம்பலாம் என்பதையும் உடன் எடுத்துச் செல்வார்.

முதலில் கோடு எழுதிவிட்டு, படத்தை டூல் வைத்துக் கடைசியில் எடுத்துவிடலாமா?

அப்படிக் கிடைக்கும் படம் உண்மையானதாக இருக்கும், ஆனால் அது எழுதிமுடித்ததன் நிழற்படம். கோடு எழுதும் முன் கையால் வரைந்த கரடுமுரடான படத்தில் ஒரு கிளாஸை அழித்து இன்னொன்றைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். 2,000 வரி எழுதிய பின் அதே மாற்றத்துக்கு ஒரு வாரம் பிடிக்கும், பெரும்பாலும் செய்யவே மாட்டோம். ஆகவே முன்பு வரைந்த படத்தையும் டூல் தந்த படத்தையும் ரெக்கார்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, எங்கே ஏன் வேறுபட்டன என்று பத்து வரி எழுதுங்கள். முந்தைய பேட்ச் ரெக்கார்டைப் பார்த்து எழுத முடியாத பகுதி அது ஒன்றுதான்.

என் டிசைன் சரியா என்று சார் சொல்லும் முன் நானே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மூன்று மாற்றங்களை நீங்களே கற்பனை செய்து தாளில் எழுதுங்கள். மெஸ் கணக்குக்கு நான் கொடுப்பவை: கழிவுக்கான குறைந்த நாள் 3இலிருந்து 5 ஆகிறது, டிவைடிங் முறை போய் நிலையான கட்டணம் வருகிறது, டே ஸ்காலர்களுக்கு மதிய உணவு தொடங்குகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எந்தெந்தக் கிளாஸ்களைத் திருத்த வேண்டும் என்று வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். மேலே சொன்னபடி பொறுப்புகளைப் பிரித்திருந்தால், முதல் மாற்றம் விடுப்பில் மட்டும் நிற்கும். இரண்டாவதுக்குப் புதிய ஸ்ட்ராட்டஜி கிளாஸ் ஒன்று சேரும். மூன்றாவதுக்கு இன்டர்ஃபேஸை நிறைவேற்றும் புதிய கிளாஸும் அதற்கான கணக்கு வழியும் சேரும், பழைய பில் கிளாஸ் அப்படியே இருக்கும்.

ஒரு மாற்றத்துக்கு நான்கைந்து இடங்களில் பென்சில் குறி விழுந்தால், அந்த இடங்களை இணைக்கும் முடிவு எது என்று தேடுங்கள். அது எந்தக் கிளாஸுக்கும் சொந்தமில்லாமல் சிதறிக் கிடக்கும். அதற்கு ஒரு பெயர் கொடுத்துத் தனி அட்டையில் எழுதிக்கொண்டு, பிறகு என் மேசைக்கு வாருங்கள். அந்த அட்டையிலிருந்தே நாம் பேச்சைத் தொடங்கலாம்.